வேம்பைச் சுற்றி நான் கட்டிய மேடை

ராசு,

இதை உட்கார்ந்து படி. கையில் கிடைத்த எதையும் நின்றுகொண்டே பாதி படித்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அப்புறம் மறந்துபோகிற பழக்கம் உனக்கு. அது உன் அப்பாவிடமிருந்து வந்தது. இது நீளமான கடிதம். நான் எட்டாவதோடு நின்றவள்தான். ஆனாலும் வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதை ஒன்று விடாமல் படித்ததில், எழுத எனக்கும் ஓரளவு வரும் என்று ஒரு நினைப்பு உண்டு. பிழை இருந்தால் சிரித்துக்கொள், உன் கூட்டாளிகளிடம் மட்டும் காட்டாதே.

லீவு முடிந்து நீ மலைக்குக் கிளம்பின அன்றைக்கு நம் இரண்டு பேருக்கும் பேச்சு சரியாக இல்லை. ஜங்ஷனில் வண்டி புறப்படுகிற வரை நீ அப்பாவிடம் வாழையிலை விலை பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாய். அவர் வியாபாரத்தைப் பற்றி உனக்கு என்றைக்கடா அக்கறை இருந்தது? நானும் விட்டுக்கொடுக்காமல், கட்டிக்கொடுத்த புளியோதரையைப் பற்றி மட்டும் பேசினேன். வண்டி நகர்ந்தபோது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மரத்தைப் பாத்துக்கம்மா" என்றாய். நான் பதிலுக்கு உன் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவ்வளவு கோபம். இருபது வயதுப் பிள்ளையும் நாற்பதைத் தாண்டின அம்மாவும் ஒரு வேப்பமரத்துக்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றோம். வீட்டுக்குத் திரும்பி வருகிற வழியெல்லாம் எனக்கு அதுதான் மனதைக் குடைந்தது. அதற்கப்புறம் இங்கே நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உன்னை இந்தப் படிப்புக்கு அனுப்ப வீட்டில் ஒருவருக்கும் இஷ்டமில்லை என்பது உனக்கு மறந்திருக்காது. அப்பாவுக்கு உன்னை ரயில்வேயில் நுழைத்துவிட வேண்டும் என்று ஆசை. கொள்ளிடக்கரைத் தோட்டங்களில் இலை அறுத்து மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய் விற்கிற தன் பாடு மகனுக்கு வேண்டாம், மாதம் பிறந்தால் சம்பளம் வரவேண்டும் என்று இருந்தார். நீ என்னடா என்றால், கைலாசபுரத்தில் புதிதாக வருகிற குடியிருப்பில் தெருத்தெருவாக மரம் வைக்கப் போகிறார்கள், அதை நட்டுப் பராமரிக்கப் பையன்களை எடுக்கிறார்கள், முதலில் மலையில் இருக்கிற அரசுத் தோட்டத்தில் பயிற்சி கொடுப்பார்கள் என்று ஒரு நாள் மத்தியானம் வந்து சொன்னாய். அப்பா தலையில் இருந்த இலைக்கட்டை இறக்கிக்கூட வைக்கவில்லை. "மரம் தன்பாட்டுக்கு வளருது. அதுக்கு எதுக்குடா படிப்பு?" என்றார். காட்டூரிலிருந்து வந்திருந்த உன் அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏன் அண்ணி, எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணிட்டு உங்க புள்ள மரம் ஏறப் போறானாமே, பொண்ணு குடுக்கிறவன் என்ன சொல்லுவான்?" என்று கேட்டாள். நீ கொஞ்சமும் அசரவில்லை. "மாப்பிள்ளை ரொம்ப உசரத்துல இருக்காருன்னு சொல்லுவாங்க அத்தை" என்றாய். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. அன்றைக்கே நீ போய்விடுவாய் என்று தெரிந்துவிட்டது.

எனக்கு அது அதிசயமாகவும் இல்லை. மழையில் குடை பிடித்துக்கொண்டு வேப்பமரத்துக்குத் தண்ணீர் ஊற்றின பிள்ளை நீ. "மழைதான் பெய்யுதேடா" என்று நான் கத்தினால், "அது மேலுக்கு, இது வேருக்கு" என்று பதில் சொல்வாய். ஸ்கூலுக்குப் போகிற வழியில் யாராவது புளியங்கிளையை ஒடித்துப் போட்டிருந்தால் அன்றைக்கு உனக்குச் சாப்பாடு இறங்காது. நான் அதையெல்லாம் விளையாட்டு என்று நினைத்தேன். பெரியவனானால் சரியாகிவிடும் என்று அப்பாவிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது மேடைக்கு வருகிறேன். உனக்கு அது எப்படி வந்தது என்று தெரியும், ஆனால் என் வாயால் நீ முழுதாகக் கேட்டதில்லை. அதைப் பேச ஆரம்பித்தாலே பாதியில் எழுந்து போய்விடுவேன். எழுதுகிறபோது யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன்.

உனக்குப் பெரியம்மை போட்டபோது நீ சின்னப் பிள்ளை, அப்போதுதான் ஸ்கூலில் சேர்த்திருந்தோம். வாசலில் வேப்பிலை செருகினோம். வீட்டில் தாளிப்பு நின்றது. வேப்பிலையைப் பரப்பி அதன்மேல் உன்னைப் படுக்க வைத்தோம். உடம்பில் விரல் வைக்க இடமில்லை. இமை மேலும் போட்டு, இரண்டு கண்ணும் வீங்கி ஒட்டிக்கொண்டன. பக்கத்துத் தெருவில் ஒரு பெண் குழந்தைக்கு அப்படித்தான் ஒட்டிக்கொண்டு அப்புறம் பார்வையே இல்லாமல் போயிருந்தது. அது எனக்கும் தெரியும், உன் அப்பாவுக்கும் தெரியும், ஆனால் நாங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பட்டப்பகலில் நீ கையை நீட்டி என்னைத் தேடி, "இருட்டா இருக்கும்மா, விளக்கு ஏத்து" என்றாய். நான் ஏற்றினேன். ஏற்றிவிட்டு, "ஏத்தியாச்சு கண்ணு" என்று சொன்னேன். அதற்கு மேல் அங்கே நிற்க என்னால் முடியவில்லை.

புது இலை பறிக்கிற சாக்கில் கொல்லைக்குப் போனேன். மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். "சமயபுரத்தாளே, எம்புள்ளைக்குக் கண்ணைக் குடு. இந்த மரத்தடியிலேயே உனக்கு மேடை கட்டி, எங்காலம் பூரா விளக்கு ஏத்தறேன்" என்று வேண்டிக்கொண்டேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. உன் உயிரைக்கூடத் தனியாகக் கேட்க மறந்துவிட்டேன். அவள் இரண்டையுமே கொடுத்தாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றின அன்றைக்கு உன் கண் திறந்தது. உன்னைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு வந்து நின்றேன். நீ மேலே பார்த்துவிட்டு முதலில் பேசின பேச்சு, "நம்ம மரத்துல எலையே காணோமே" என்பதுதான். கைக்கு எட்டின இலை முழுவதையும் உனக்காகப் பறித்துவிட்டிருந்தோம். நான் அழுதுகொண்டே சிரித்தேன். முகத்தில் தழும்பு நின்றுவிட்டது, கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மேடை அப்படித்தான் வந்தது. கொத்தனாரைக் கூப்பிட்டு, மரத்தைச் சுற்றிச் செங்கல் வைத்து, உள்ளே மண் கொட்டி நிரப்பி, மஞ்சள் பூசின ஒரு கல்லை அம்மனாக வைத்தோம். முதலில் ஒரே ஒரு வரிசைதான். அப்புறம் உன் அக்காவுக்கு நல்ல இடம் அமைந்தது, அதற்கு ஒரு வரிசை வைத்தேன். அப்பாவுக்குத் தோட்டக் குத்தகை கைக்கு வந்தது, அதற்கு ஒரு வரிசை. நீ பரீட்சையில் தேறினாய், அதற்கு ஒன்று. ஒவ்வொரு தடவையும் வெளியே ஒரு வரிசை, உள்ளே ஒரு வண்டி மண். ஒரு ஆடியில் மேலே சிமெண்டும் பூசி, கோலம் போட வசதியாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். கடைசியாக, மலைக்குப் பயிற்சிக்கு வரச்சொல்லி உனக்கு ஆர்டர் வந்ததே, அதற்கும் ஒரு வரிசை உண்டு. மரத்துக்கு வைத்தியம் படிக்கப் பிள்ளை போகிறான் என்ற பெருமையில் மரத்தை இன்னும் ஒரு சாண் மூடி வைத்தேன். இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது, அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அவர்களைச் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

நீ லீவில் வந்த அன்றைக்குப் பெட்டியைக் கூடத்தில் வைத்துவிட்டு நேராகக் கொல்லைக்குப் போனாய். நின்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாய். சாப்பிடக் கூப்பிட்டால் காதில் விழவில்லை. மறுநாள் பின்கொல்லை மாமி வந்து, அவர்கள் மாமரத்தில் ஒரு பெரிய கிளை பட்டுப்போய் ஓட்டுக்கு மேலே நிற்கிறது, விறகு வெட்டுகிறவனை விட்டால் கிளையோடு கூரையும் வந்துவிடும் என்று புலம்பினார்கள். "நான் பாக்கறேன் மாமி" என்று நீ கயிற்றுச் சுருளை எடுத்துக்கொண்டு கிளம்பினாய்.

அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று உனக்குத் தெரியாது. அடுப்படி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ இடுப்பில் கயிறு கட்டி ஏறினதைப் பார்த்தேன். கிளை நுனியில் இன்னொரு கயிற்றைக் கட்டி, மேல் கவட்டையில் போட்டு, அதன் மறுமுனையை அடிமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி அப்பா கையில் கொடுத்தாய். முதலில் கிளைக்குக் கீழ்ப்புறம் கொஞ்சம் அறுத்தாய். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "மேலேர்ந்து அறுக்கிறத விட்டுட்டு என்னடா பண்ற?" என்று கீழேயிருந்து கத்தினார். "மேலேர்ந்தே அறுத்தா கிளை சாயும்போது பட்டையை உரிச்சுக்கிட்டு அடிவரைக்கும் போயிடும்ப்பா. அடியில ஒரு வெட்டு இருந்தா அங்கேயே நின்னுடும்" என்றாய். அப்புறம் மேலே அறுத்ததும் கிளை உடைந்து, கயிற்றில் தொங்கி, அப்பா விட விட மெதுவாகத் தரைக்கு வந்தது. நீட்டிக்கொண்டிருந்த மிச்சத்தையும் அறுத்து, காயத்தில் தார் தடவிவிட்டு இறங்கினாய். மாமி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "ஒரு ஓடு நகரலையேம்மா! உன் பிள்ளை தீர்க்காயுசா இருக்கணும்" என்றார்கள். அன்று மார்க்கெட்டில் அப்பா அதைச் சொல்லாத ஆள் பாக்கி இல்லை என்று எனக்குத் தகவல் வந்தது. அந்தக் கயிறு உராய்ந்து சிவந்த கையைச் சாயங்காலம் வரை எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருந்தாராம்.

அவருக்குப் பெருமை, எனக்குப் பயம். நீ ஒரு காலை மரத்தில் ஊன்றி, இன்னொரு கால் அந்தரத்தில் தொங்க, சாய்ந்துகொண்டு ரம்பம் இழுத்தாயே, அந்த நேரம் நான் சமயபுரத்தாளைத்தான் கூப்பிட்டேன். அதே சாயங்காலம் பார்த்து நீ என்னை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டாய். இரண்டு நாள் கழித்துக் கேட்டிருந்தால் வேறு மாதிரிப் பேசியிருப்பேனோ என்னவோ.

"அம்மா, கோவிச்சுக்காமக் கேளு. மேல பாரு, நுனியெல்லாம் காஞ்சிருக்கு. ஆனா வியாதி மேல இல்ல, கீழ இருக்கு" என்றாய். எந்த மரமானாலும் அடி விரிந்து வேர் மண்ணில் இறங்குவது கண்ணுக்குத் தெரியவேண்டும், நம் மரம் மட்டும் நட்டு வைத்த கம்பம் மாதிரி நேராக இறங்குகிறது பார் என்று காட்டினாய். தினமும் விளக்கேற்றுகிற எனக்கு அது ஒரு நாளும் கண்ணில் பட்டதில்லை. சிமெண்ட் பெயர்ந்த இடத்தில் கையை விட்டு மண்ணைத் தோண்டினாய். உள்ளே பட்டை கறுத்து, ஊறின அட்டை போல உன் விரலோடு வந்தது. நாற்றம் எனக்கும் அடித்தது. "அடி மூச்சு முட்டிக் கிடக்கும்மா. இப்ப எடுத்துட்டா பொழைக்க வழி இருக்கு. இன்னும் ஒரு வருஷம் விட்டா என்னால சொல்ல முடியாது" என்றாய்.

"எதை எடுக்கணும்?" என்று கேட்டேன். தெரிந்துதான் கேட்டேன்.

"மேடையை" என்றாய்.

"அது மேடை இல்லடா. உன் கண்ணு" என்றேன்.

நீ தலையைக் குனிந்துகொண்டாய். நான் விடவில்லை. "நீ அங்க பனைமர உசரத்துல தொங்குவ. நான் இங்க அவளுக்குக் குடுத்ததை இடிச்சுட்டு எப்படிடா நிம்மதியாச் சோறு திங்கிறது?" என்று கத்தினேன். கயிறு இருக்கிறதே என்று ஏதோ சமாதானம் சொல்ல வந்தாய், அதையும் கேட்கவில்லை. படித்த திமிர், மலைக்காற்று பட்டதும் தாயும் தெய்வமும் கண்ணுக்குத் தெரியவில்லை என்றெல்லாம் பேசினேன். நீ அதற்குக் கோபித்துக்கொண்டு கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நீயோ, "நீ சொல்லாம நான் கடப்பாரையைத் தொட மாட்டேம்மா" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாய். அந்த வார்த்தை என்னைச் சும்மா இருக்க விடவில்லை.

நீ போன பிறகு பங்குனி பிறந்தது. மாமி வீட்டுப் பக்கம் இருக்கிற வேம்பு செம்பு நிறத்தில் தளிர்த்து, பூவெடுத்து, கொல்லை முழுக்க வாசனை. நம் மரம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துளிர் விட்டுவிட்டு நின்றுவிட்டது. வருஷப் பிறப்புப் பச்சடிக்கு நான் பூ உதிர்ப்பது எப்போதும் நம் மரத்திலிருந்துதான். இந்த வருஷம் ஒரு பிடி கூடத் தேறாது என்று அண்ணாந்து பார்த்தாலே தெரிந்தது. விளக்கேற்றப் போகும்போதெல்லாம் அந்த நாற்றம் ஞாபகம் வந்தது. நடுவில் உன் கார்டும் வந்தது. அடுத்த மாதம் மரமேறும் பரீட்சை, பெரிய யூகலிப்டஸ் மரத்தில் ஏறிக் கிளை இறக்கிக் காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தாய். வேப்பமரத்தைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. நீ கேட்டிருந்தால் மறுத்து எழுதியிருப்பேன், கேட்காததால்தான் அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டு சமயபுரம் பஸ் ஏறினேன்.

அவள் நமக்காக விரதம் இருக்கிற நாட்கள் அவை. ஊரில் உள்ள பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் இருக்க, சமைத்த தளிகை இல்லாமல், வெல்லம் கலந்த பச்சரிசித் துள்ளு மாவும் பானகமும் இளநீருமாக அவளே பட்டினி கிடக்கிற காலம். நல்ல கூட்டம். சிவப்புப் பூ ஒன்றும் வெள்ளைப் பூ ஒன்றும் தனித்தனியாக இலையில் மடித்துக் கட்டி, சந்நிதியில் வைத்து உத்தரவு கேட்டேன். வெள்ளை வந்தால் மேடையை எடுக்கலாம், சிவப்பு வந்தால் தொடக்கூடாது. வரிசையில் நின்ற ஒரு சின்னப் பெண்ணிடம் ஒன்றை எடுத்துத் தரச் சொன்னேன். பிரித்துப் பார்த்தேன், சிவப்பு.

அப்பா சட்டென்று, "சரி, உத்தரவு ஆயிடுச்சு. வா, போகலாம்" என்றார். நான் தூண் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது. எனக்கு இரண்டும் சேர்ந்துதான் வரும் என்பது உனக்குத் தெரியுமே. அவளிடம் நேராகவே கேட்டேன். "பெத்த புள்ளைங்களுக்காக நீயே பட்டினி கிடக்கிறவ. நான் தெரியாமக் கட்டினதுக்கு ஒரு மரத்தோட உசிரு உனக்கு வேணுமா? எம்புள்ளைக்கு நீதானே கண்ணு குடுத்த? நீ குடுத்த கண்ணால பாத்துட்டு அவன் வந்து சொல்றான். அதை நம்பாதேன்னா, அப்புறம் எதுக்குக் குடுத்த?" பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார். மணி அடிக்கவில்லை, பல்லி சொல்லவில்லை, எலுமிச்சம்பழம் உருளவில்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு விளக்கேற்றினேன். மஞ்சள் கல்லையும் விளக்கையும் எடுத்துச் சுவர் மாடத்தில் வைத்தேன். கடப்பாரையை எடுத்து முதல் குத்துக் குத்தினேன். அப்பா ஓடி வந்து, "நீ இருக்கிற கோவத்துல மரத்தையே குத்திடுவ. குடு இப்படி" என்று பிடுங்கிக்கொண்டார். சாமி உத்தரவை மீறுகிறாயே என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்காக இந்த மனுஷனை நான் இன்னும் எத்தனை காலம் வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்வேன். ஒவ்வொரு வரிசையாகப் பெயர்க்கும்போது, "இது எதுக்கு வச்சது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். இது உங்கள் குத்தகைக்கு, இது பெரியவள் கல்யாணத்துக்கு என்று நானும் சொல்லிக்கொண்டே கல்லை வாங்கி அடுக்கினேன். நம் நல்ல நாட்களையெல்லாம் அந்த மரத்தின் கழுத்து வரைக்கும் கொண்டுபோய்க் கொட்டியிருந்தோம் என்று அப்போதுதான் உறைத்தது. அடி வரிசை உனக்காக வைத்தது. அதில் மட்டும் அப்பாவைக் கை வைக்க விடவில்லை, நானே எடுத்தேன்.

மண்ணைக் கையால்தான் அள்ளினோம். வேரில் இரும்பு படவில்லை. நீ சொன்னது போலவே, கீழே போகப் போக அடிமரம் விரிந்து, வேர்கள் நாலா பக்கமும் இறங்குவது தெரிந்தது. இத்தனை வருஷம் கழித்து அதைப் பார்த்தபோது எனக்குத் தாங்கவில்லை. கிழக்குப் பக்கம் பட்டை நன்றாக இருக்கிறது. மேற்கே உன் உள்ளங்கை நாலு அகலத்துக்கு அழுகியிருக்கிறது. அதைச் சுரண்டி எடுக்க வேண்டுமா, தார் பூச வேண்டுமா, சும்மா காயவிட வேண்டுமா என்று எழுது. மேல்மண்ணில் புதிதாக ஓடின சின்ன வேர்கள் மரத்தைச் சுற்றிக்கொண்டு கிடக்கின்றன. அவற்றை வெட்டலாமா கூடாதா என்று தெரியாமல் அப்படியே விட்டிருக்கிறோம். பிழைக்குமா என்று நான் கேட்கவில்லை, அதை உன்னால் இங்கே வந்து பார்க்காமல் சொல்ல முடியாது என்று எனக்கும் புரிகிறது.

நாளைக்கு நீ படித்து முடித்து வந்து, ஊர் ஊராக மரம் பார்க்கப் போவாய். எங்கே போனாலும் என்னைப் போல நாலு பேர் இருப்பார்கள். ஒருத்தர் ஊஞ்சலுக்கு ஆணி அடித்திருப்பார், ஒருத்தர் நிழலில் உட்காரத் திண்டு கட்டியிருப்பார், ஒருத்தர் பிள்ளை வரம் கேட்டுக் கம்பியால் தொட்டிலை இறுக்கிக் கட்டியிருப்பார். அவர்களைப் பார்த்து உனக்குக் கோபம் வரும், எனக்குத் தெரியும், அது என்னிடமிருந்து வந்தது. திட்டிவிடாதே. அவர்களுக்கு அந்த மரத்தின் மேல் ஆசை அதிகம், அவ்வளவுதான். என்னிடம் எப்படி மண்ணைத் தோண்டிக் காட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போனாயோ, அப்படியே செய். கொஞ்சம் நாளாகும். சிலர் கடைசி வரை கேட்கவும் மாட்டார்கள். அதற்காகச் சாப்பிடாமல் இருக்காதே. அங்கே குளிருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை விட்டுவிட்டாய் என்று உன் தலைமுடியைப் பார்த்தே தெரிந்துகொண்டேன், அதையும் கவனி.

சிவப்புப் பூ வந்ததை மட்டும் உனக்கு எழுத வேண்டாம் என்று அப்பா சொன்னார். மரத்தில் ஏறுகிற பிள்ளை, மனதில் ஒன்று போட்டுக்கொண்டால் கால் வழுக்கும் என்றார். நானும் மறைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். வெள்ளை வந்தது என்று எழுதினால் முடிந்துபோயிற்று, நீயும் சந்தோஷப்படுவாய். ஆனால் அப்படி எழுதினால் உன் அம்மா சாமி சொன்னதால் மேடையை இடித்தாள் என்று நினைத்துக்கொள்வாய். அது நிஜம் இல்லை. அவள் வேண்டாம் என்றாள், நீ வேண்டும் என்றாய், நான் நீ சொன்னதைக் கேட்டேன். அது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பயம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், உன் பரீட்சை முடிந்து கார்டு வருகிற வரை எனக்கு இங்கே ஒரு வாய் சோறு ஒழுங்காக இறங்காது. அது என் பாடு. அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ கயிற்றை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு ஏறு.

உன் அம்மா